பூக்கும் நாளை முதலில் குறி

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதமும் படங்களும் வந்தன. அறுவடைக்கு முன் ஒரு கதிரைக் கையில் பிடித்து எடுத்திருக்கிறாயே, அந்தப் படத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். கதிரின் மேல்பாதி முழுக்கப் பதர். கீழே வர வர மணி பிடித்திருக்கிறது. பிடித்த மணியிலும் உமி பழுப்பேறியிருக்கிறது. பக்கத்து வயலுக்கும் உனக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே உரக்கடை, நடவுக்கு வந்ததும் ஒரே ஆட்கள். அவர்களுக்கு மட்டும் எப்படி மூட்டை கூடியது என்று கேட்டிருக்கிறாய். அடுத்த வருஷம் எந்த உரம் போட வேண்டும் என்பது உன் இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் அந்தக் கதிரிலேயே இருக்கிறது. நெற்கதிர் மேலிருந்து கீழாகப் பூக்கும். நுனியில் உள்ள நெல் முதல் நாள் பூக்கும், அடியில் உள்ளது ஐந்தாறு நாள் கழித்துப் பூக்கும். உரமோ சத்தோ போதாத பயிரில் கடைசியாகப் பூக்கும் கீழ்க்கிளை மணிகள்தான் முதலில் பதராகும், மேலே இருப்பவை நிறைந்துவிடும். உன் கதிரில் தலைகீழாக இருக்கிறது. பூக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் ஏதோ நடந்து, பிறகு நின்றுபோயிருக்கிறது. நீ நாற்றங்காலில் விதைத்தது ஆகஸ்ட் நடுவில். ரகம் 135 நாள் ரகம். அறுவடைக்கு ஒரு மாதம் முன்னால் பூ என்று வைத்துக் கணக்குப் போட்டால், நவம்பர் கடைசி வாரத்தில் வந்து நிற்கிறது. அந்த வாரம் உங்கள் பக்கம் விடாமல் மழை பெய்தது என்று நீதான் போனில் சொன்னாய். பக்கத்து வயலில் சி.ஆர்.1009 போட்டிருந்தார்கள். அது 155 நாளுக்குக் குறையாத ரகம். அதே வாரம் விதைத்தும், டிசம்பர் நடுவுக்கு மேல், மழை ஓய்ந்த பிறகு பூத்திருக்கிறது. இரண்டு வயலுக்கும் பெய்த மழை ஒன்றுதான். அந்த மழை வந்தபோது எந்தப் பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்பதுதான் உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம்.

இதை உன் மனசில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம் நீளப்போகிறது. வெயில், மழை, காற்று, குளிர், வெளிச்சம் இவற்றில் ஒன்றையும் நாம் மாற்ற முடியாது. ஆனால் அவை வரும்போது பயிர் எந்த வயதில் இருக்க வேண்டும் என்பதை விதைக்கும் நாளிலேயே நாம் தீர்மானிக்கிறோம். தெரியாமல் தீர்மானித்தாலும் தீர்மானித்ததுதான். நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் என்னிடம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் உரத்தையும் மருந்தையும் பற்றியவை. எந்தத் தேதியில் விதைக்கலாம் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

நெல்லின் வயதை இப்படிப் பிரித்துப் பார். தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து அது வெளியே வர ஏறக்குறைய 30 முதல் 35 நாள். வெளியே வந்து பூத்ததிலிருந்து முற்ற ஏறக்குறைய 30 நாள். 105 நாள் ரகமானாலும் 155 நாள் ரகமானாலும் நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் இந்த இரண்டு கட்டமும் பெரிதாக மாறுவதில்லை. கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய, தூர் கட்டி இலை விடும் காலம்தான். அதனால் எந்த ரகத்தை வாங்கினாலும் பையில் போட்டிருக்கும் நாளிலிருந்து 30-ஐக் கழி, பூக்கும் நாள் கிடைக்கும். அதிலிருந்து இன்னொரு 30 கழி, கதிர் கருக்கொள்ளும் நாள் கிடைக்கும். காலண்டரில் இந்த இரண்டையும் வட்டமிட்ட பிறகுதான் விதை ஊறப்போட வேண்டும்.

பூக்கும் நாளை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஒரு காலை நேரம் வயலில் குனிந்து பார், புரியும். ஒன்பது மணிக்கு மேல், பனி உலர்ந்ததும் பூ திறக்கத் தொடங்கும். உமி இரண்டும் விலகும். மெல்லிய இழைகளின் நுனியில் ஆறு மகரந்தப் பைகள் வெளியே வந்து தொங்கும். லேசாகத் தட்டினால் வெளிர்மஞ்சள் தூள் உதிரும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். ஒருமுறை மூடியது மறுபடி திறப்பதில்லை. வெளியே வந்த மகரந்தத்துக்கு உயிர் சில நிமிஷங்கள்தான். நாலரை மாத உழைப்பு அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் நனைந்து கெடும். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பைகள் சரியாக வெடிக்காது, மகரந்தம் சூல்முடியில் விழாது. பூத்திருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் அந்தச் சூடு இருந்தாலே பதர் கூடும். மறுநாள் குளிர்ந்தாலும் அன்று பூத்த நெல்லுக்குப் பலனில்லை.

இதே 35 டிகிரி, தூர் கட்டும் பருவத்தில் பயிரை ஒன்றும் செய்துவிடாது, தண்ணீர் மட்டும் நின்றால் போதும். மழையும் அப்படித்தான், தூர் கட்டும் பயிருக்கு வரம். அதனால் "நெல்லுக்கு எவ்வளவு வெயில் ஆகும், எவ்வளவு மழை ஆகும்" என்று கேட்பதைவிட "எப்போது" என்று கேட்டால்தான் உபயோகமான பதில் கிடைக்கும்.

உன் தாத்தா இந்தக் கணக்கெல்லாம் போட்டாரா என்று கேட்பாய். அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் காலத்துச் சம்பா நெல்களில் பலவும் பகலின் நீளத்தை உணர்ந்து தாமாகவே பூக்கிறவை. 1920-ல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் இதைக் கண்டு வெளியிட்டார்கள். கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தை, பிற்பகலிலேயே இருட்டறைக்குள் வைத்துப் பகலைச் சுருக்கினார்கள். அது பூத்துவிட்டது. நெல்லும் பகல் சுருங்கும்போது பூக்கிற இனம்தான். தஞ்சாவூரில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சின்ன மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு, ஆனியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் மழை விட்ட பிறகு பூத்துத் தையில் அறுவடைக்கு வந்துவிடும் அந்தப் பழைய சம்பா. எவ்வளவு பெரிய காரியம் அது! எத்தனையோ தலைமுறைகள் மழையில் பூத்துப் பதரானதை விட்டு, தப்பித்ததை மட்டும் விதைக்கு எடுத்துவைத்து உண்டாக்கிய குணம்.

1966-ல் வந்த ஐ.ஆர்.8-ம் அதற்குப் பின் வந்த குட்டை ரகங்களில் பெரும்பாலானவையும் பகல் நீளத்தைப் பார்ப்பதில்லை. வருஷத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்பதற்காகவே அப்படி உருவாக்கினார்கள். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு, மூன்று போகம் முடிந்தது, நாடு பசியிலிருந்து மீண்டது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் முன்பு நெல்லே பார்த்துக்கொண்ட காலண்டரை இப்போது நீ பார்த்தாக வேண்டும். புது ரகம் வாங்கும் பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்று அண்ணன் உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார். மானாவாரிக்கு அது பொன்னான வாக்கு. ஆற்றுப் பாசனத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. உங்கள் வயலுக்கு நான் சொல்வது இது. 150 நாளுக்கு மேற்பட்ட ரகம் என்றால் ஆகஸ்ட் நடுவில் நாற்று விடு. 130, 135 நாள் ரகம் என்றால் செப்டம்பர் பாதி கழியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இரு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும், ஊரே நாற்று விடும், உனக்குப் பதைப்பாக இருக்கும். இரு. பூ மார்கழி நடுவுக்குப் போகும், வெயில் இருக்கும். குறுவைக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அங்கே அறுவடைதான் மழைக்கு முந்த வேண்டும். 1934-ல் வந்த மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பது வழக்கம், ஆனால் எல்லா வருஷமும் அந்தத் தேதிக்குத் திறக்க முடிந்ததில்லை. ஜூன் முதல் பாதியில் நாற்று விட்டால் 110 நாள் ரகம் செப்டம்பர் கடைசியில் அறுவடைக்கு வரும். ஜூலை நடுவுக்குத் தள்ளிப்போனால் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாயில் போய் விழும். அப்படிப்பட்ட வருஷத்தில் குறுவையை விட்டுவிட்டு ஒரே போகமாகச் சம்பா போடுவது நஷ்டமில்லை.

பை மேல் அச்சிட்ட நாளைக்கூட முழுசாக நம்பிவிடாதே. 1735-லேயே ரெயோமூர் என்ற பிரெஞ்சுக்காரர், பயிர் முற்றுவது நாள் கணக்கில் அல்ல, அது வாங்கிச் சேர்க்கும் வெப்பத்தின் கணக்கில் என்று எழுதினார். ஒரே ரகம் ஆவணி வெயிலில் சீக்கிரம் முடியும், மார்கழிக் குளிரில் சில நாள் இழுக்கும். அதனால் காலண்டரில் போட்ட வட்டத்தை வயலில் சரிபார். கதிர் உருவாக வேண்டிய வாரத்தில் ஒரு குத்திலிருந்து தாய்த்தூரை வேரோடு எடுத்து, அடித்தண்டை பிளேடால் நீளவாக்கில் கீறிப் பார். கணுக்களுக்கு மேலே வெள்ளையாக, மயிரிழைக் குஞ்சம்போல ஒன்று தெரியும், ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். அதுதான் உன் கதிர். அன்றைய தேதியை எழுதிவை. ஒரு மாதத்தில் பூ.

அந்தத் தேதியிலிருந்து அறுவடைவரைக்கும் வெளிச்சம்தான் ராஜா. ஒரு கதிரில் எத்தனை மணி என்பது பூப்பதற்கு முந்தைய மாத வெயிலில் முடிவாகிறது, எத்தனை மணி நிறையும் என்பது பிந்தைய மாத வெயிலில். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்காக மேகம் மூடிக் கிடக்கும்போது இலை பச்சையாக இருந்தாலும் போதுமான மாவுச்சத்து செய்ய முடியாது. அந்த நேரத்தில்தான் ஊரில் எல்லாரும் யூரியா மூட்டையைப் பிரிக்கிறார்கள், "மழையில் பயிர் வெளுத்துவிட்டது" என்று. வெயில் இல்லாத நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால் இலை கொழுத்து மென்மையாகத் தொங்கும். மார்கழிப் பனி அந்த இலையில் நீண்ட நேரம் உலராமல் நிற்கும். குலைநோய்க்கு வேறென்ன வேண்டும்? அடர்ந்த பயிரின் அடியில் காற்று போகாமல் புழுங்கினால் புகையானும் அங்கே குடியேறும். உன் உரக் கேள்விக்கு என் பதில் இதுதான்: கூட்டாதே. இலை வண்ண அட்டை ஒன்று வாங்கிக்கொள். பயிர் அந்த அட்டையில் சொன்ன நிறத்துக்குக் கீழே போனால் மட்டும் போடு, அதுவும் மேகம் விலகி இரண்டு நாள் வெயில் பார்த்த பிறகு. நடும்போது எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடச் சொல். இடம் வீணாகிறது என்று நடவு ஆட்கள் முணுமுணுப்பார்கள். காற்றும் வெளிச்சமும் உள்ளே போக அந்த ஒரு அடி வேண்டும்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கவனிப்பதில்லை. பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பல வருஷ விளைச்சலையும் வெப்பநிலையையும் சேர்த்து வைத்துப் பார்த்து 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வறண்ட பருவப் போகத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது. பகல் வெப்பத்துக்கு அவ்வளவு தெளிவான தொடர்பு தெரியவில்லை. பகலில் சேர்த்ததை இரவுச் சூட்டில் பயிர் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். ராத்திரி புழுக்கம் நமக்குத் தூக்கத்தைக் கெடுப்பதாக மட்டும் நினைக்கிறோம், வயலிலும் அது கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. மோட்டார் கொட்டகையில் நேர் வெயில் படாத இடத்தில் உச்ச-நீச்ச வெப்பமானி ஒன்றை மாட்டு. வெட்டவெளியில் ஒரு மழைமானி வை. தினம் காலையில் மூன்று எண், பக்கத்தில் பயிர் எந்தப் பருவம் என்று ஒரு வார்த்தை. மூன்று வருஷம் எழுதிவிட்டாயானால் உன் வயலைப் பற்றி உனக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. மேக்தூத் செயலியில் வரும் முன்னறிவிப்பையும் பார், ஆனால் அது உன் வயலுக்கென்று சொல்வது அல்ல.

தண்ணீர் விஷயத்தில் உனக்குப் பயம் அதிகம் என்று தெரிகிறது, எப்போதும் வயலை நிரப்பியே வைத்திருக்கிறாய். நெல் நீர்ச்செடி இல்லை, தண்ணீரைத் தாங்கத் தெரிந்த செடி. இலையிலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழல் அதற்கு உள்ளேயே இருக்கிறது, அதனால்தான் சேற்றில் மூச்சடைக்காமல் நிற்கிறது. துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை வயலில் புதைத்து வை. உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை பாய்ச்ச வேண்டியதில்லை. பூக்குமுன் ஒரு வாரமும் பூத்தபின் ஒரு வாரமும் மட்டும் 5 செ.மீ. தண்ணீர் குறையாமல் நிற்கட்டும். அங்கே சிக்கனம் வேண்டாம்.

உங்கள் மண்ணுக்குப் பாசனத்தைவிட வடிகால்தான் பெரிய கவலை. தெற்கு மூலை பள்ளம். மழை நாலு நாள் விடாவிட்டால் பயிர் தலைவரை மூழ்கும். மூழ்கிய சாதாரண ரகம் மேலே வர அவசரப்பட்டு நீண்டு, இருந்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து எடுத்த, 2006-ல் அடையாளம் கண்ட ஒரு மரபணு, மூழ்கும்போது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சேமிப்போடு காத்திருக்கச் செய்கிறது. அதை ஏற்றிய சி.ஆர்.1009 சப்-1 நம் பக்கம் கிடைக்கிறது, இரண்டு வாரம்வரை தாங்கும். அந்த மூலைக்கு அதைப் போடு. அதற்கு முன் வடிவாய்க்காலில் மண்டிக் கிடக்கும் காட்டாமணக்கை வெட்டி எடு. பக்கத்து வயல்காரரோடு பேசி இரண்டு பேரும் சேர்ந்து செய்தால்தான் பலன், உன் எல்லைக்குள் மட்டும் வெட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

நட்ட மூன்றாவது வாரத்தில் நடு இலைகளில் துருப்பிடித்தாற்போல் புள்ளி வந்து பயிர் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக நின்றது என்று எழுதியிருந்தாயே, அது நோய் இல்லை, துத்தநாகக் குறை. தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் மண்ணில் துத்தநாகம் வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடும். கடைசி உழவுக்குப் பின், நடவுக்கு முன், ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவு. டி.ஏ.பி.யோடு கலந்துவிடாதே. மண்ணில் உப்பு எவ்வளவு என்பது பரிசோதனையில்தான் தெரியும். கடல் தூரம் என்றாலும் உங்கள் போர்த் தண்ணீரையும் சேர்த்தே கொடு.

இவ்வளவு கணக்குப் போட்டாலும் தப்பிவிடலாம் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். 2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை, சம்பா கருகி நின்றது. பொங்கல் நேரத்தில் பெருமழை இல்லை என்றுதான் காவிரி டெல்டாவில் எல்லாரும் நம்பியிருந்தோம். 2021 ஜனவரியில் அறுவடைக்குத் தயாராக நின்ற நெல் மழையில் சாய்ந்து, தண்ணீரில் கிடந்த கதிரிலேயே முளைவிட்டது. சொன்ன தேதியில் விதைத்தவர்களுக்கும் அதே கதிதான். அதனால் மூன்று ஏக்கரையும் ஒரே ரகத்தில், ஒரே வாரத்தில் நடாதே. ஒன்றரை ஏக்கரில் நீண்ட நாள் ரகம், மீதியில் மத்திய ரகம், இரண்டின் பூவுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும். ஆள் கிடைப்பதும் அறுவடை மெஷின் வருவதும் இரண்டு தடவையாகும், செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவைச் செய்யலாம். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதிவரை காத்திருக்காதே.

கோடையில் போர்த் தண்ணீரை வைத்து இன்னொரு நெல் போடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. இப்போது நாற்று விட்டால் ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில் பூக்கும். அந்தக் காலைப்பொழுது எப்படிக் கொதிக்கும் என்று உனக்கே தெரியும், இரவும் குளிராது. நிலத்தடி நீரை இறைத்துப் பதரை விளைவிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அறுவடை ஈரத்தையும் மாசிப் பனியையும் வைத்தே விளைகிற உளுந்து இருக்கிறது. ஏற்கெனவே தெளித்திருக்கிறாய், அதைக் காப்பாற்று. முதல் பூ தெரிந்ததும் இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசலை வடிகட்டி மாலையில் தெளி, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நாள் போய்வா. 1922-லிருந்து அந்த மண்ணில் நெல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற இடம். என்ன ரகம் நல்லது என்று கேட்காதே. உன் பள்ளம், மேடு, தண்ணீர் வரும் தேதி எல்லாவற்றையும் சொல்லி, இன்ன தேதியில் பூ வர வேண்டும், எதைப் போடட்டும் என்று கேள். பதில் வேறு மாதிரி வரும்.

சித்திரை முடிவதற்குள் எனக்கு நாலு விவரம் எழுது: மண் பரிசோதனை அட்டையின் படம், போர்த் தண்ணீரின் உப்பு அளவு, போன ஐந்து வருஷமும் உங்கள் கிளை வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்த தேதி, தெற்கு மூலையில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று அண்ணனுக்கு நினைவிருக்கும் வரை. வாய்க்கால் தேதி அண்ணனுக்குத் தெரியாவிட்டால் நீர்ப்பாசன சங்கத்தில் கேள். அவை வந்ததும் குறுவை போடலாமா, நேராகச் சம்பாவுக்கே போய்விடலாமா என்று இரண்டு பேரும் சேர்ந்து காலண்டரில் குறிக்கலாம்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அத்தை